மலடிப் பட்டம்

மாப்பிள்ளையூரணியில் முத்துச்செல்வத்துக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இசக்கிச்செல்வி அடி வாங்காத மாதமே கிடையாது. அவள் தலைக்குக் குளித்தால் போதும், இந்த மாசமும் பிள்ளை தங்கவில்லை என்று மாமியார் பேச்சி ஒப்பாரியைத் தொடங்குவாள். அவன் கையை ஓங்குவான். ஒருமுறை அறைந்த அறையில் இடது காது கேட்காமலே போயிற்று.

முத்துச்செல்வம் படகுக்குப் பெயிண்ட் அடிப்பவன். சிப்பி ஒட்டாமல் இருக்க விசைப்படகின் அடிப்பாகத்தில் பூசும் விஷப் பெயிண்டை வெறுங்கையால் கலப்பான். அதே கையால் பாலித்தீன் பையில் கொதிக்கக் கொதிக்க வரும் டீயை வாங்கிக் குடிப்பான். சோப்புப் போட்டுக் குளித்தாலும் தின்னர் வாடை போகாது.

அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனை டாக்டரிடம் அழைத்துப் போனாள். இருவரையும் சோதித்த டாக்டர் பிளாரன்ஸ், "ஒங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அவருக்குத்தான் உயிரணு ரொம்பக் கம்மி," என்றார். "பெயிண்டுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த மாதிரி கெமிக்கல் ஹார்மோனைக் கெடுக்கும். கொஞ்ச மாசம் வேற வேலை பாக்கட்டும். சூடா எதையும் பிளாஸ்டிக்ல வாங்காதீங்க. மறுபடி டெஸ்ட் பண்ணுவோம்."

வழி இருக்கிறதே என்று இசக்கிச்செல்விக்கு நெஞ்சு குளிர்ந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான்.

"வெளிய மூச்சு விட்ட, கொன்னுருவேன். குறை ஒனக்குத்தான், கேட்டியாளா?"

அவள் வாயைத் திறக்கவில்லை, பேச்சி ஓட்டப்பிடாரத்தில் இரண்டாந்தாரம் பேசி முடிக்கும்வரை.

வீடு பார்க்க அந்தப் பெண்ணின் அப்பா வெள்ளத்துரை வந்தார். காபியைக் கொடுத்த கையோடு இசக்கிச்செல்வி சொன்னாள்: "அண்ணாச்சி, குறை எனக்கில்ல, அவருக்கு. ஒங்க மவளையும் இங்கன அடிவாங்க விட்டுராதிய."

முத்துச்செல்வம் படகு சுரண்டும் தகட்டை எடுத்து வீசினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. மறுபடி ஓங்கிய கையைப் பிடித்து அவள் கடித்தாள், சதை பிய்ந்தது. கைக்கு எட்டிய பெயிண்ட் டின்னைத் தூக்கித் தாடையில் அடித்தாள். பல் தெறித்தது.

"ஏளா, புருசனக் கொன்னுட்டியே!" என்று அலறினாள் பேச்சி.

"அவரு என்னக் கொன்னப்ப நீங்க எங்கன இருந்திய, அத்த?"

வெள்ளத்துரை தோள் துண்டால் அவள் புருவத்தை அழுத்திப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போலீசிலும் அவள் பக்கமே சாட்சி சொன்னார்.

இப்போது அவள் சாயர்புரத்தில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் பேச்சி தேடி வந்தாள்.

"பெயிண்ட் வேலைய விட்டுட்டான்ளா. மாத்திரை சாப்பிடுதான். வந்துரு."

"நல்லா இருக்கட்டும் அத்த. பிள்ளை பொறந்தாலும் பொறக்கும். எனக்கு வேண்டாம்," என்று கதவைச் சாத்தினாள். உள்ளே போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உலை வைத்தாள்.