இருபதாவது முடிச்சு

சம்பங்கியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது. அவள்மேல் பாதி, என்மேல் பாதி. கங்கம்மாவை அவளிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தானே!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் நாங்கள் மூவரும் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். சம்பங்கி பிரசவமும் பார்ப்பாள், ஆனால் அவளுடைய பெயரெல்லாம் பிள்ளை பிறக்கும் நாள் சொல்வதில்தான். ஊரில் என்றால் அமாவாசையை வைத்து எண்ணலாம். இங்கே சுரங்கத்துச் சங்குதான் எங்களுக்குப் பொழுது. ஆம்பிளைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷிப்டு மாறும். கடைசியாகத் தூரமான நாளிலிருந்து, புருஷனுக்கு ஷிப்டு மாறும்போதெல்லாம் நூலில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். இருபதாவது முடிச்சில் பிள்ளை. என் பிள்ளைகள் இரண்டும் அவள் சொன்ன வாரத்தில்தான் பிறந்தன. பிறகு எப்படி நம்பாமல் இருப்பது?

கங்கம்மா மூன்று பெற்றாள்; ஒன்றும் தங்கவில்லை. நான்காவது உண்டானதும் சம்பங்கி கொடுத்த நூலைக் கதவு ஆணியில் மாட்டிவைத்தாள். இதையாவது உயிரோடு கையில் வாங்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

இருபது முடிச்சும் விழுந்தது. வலி வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வலியை வரவைக்க சம்பங்கி விளக்கெண்ணெயும் கஷாயமுமாக வந்து நின்றாள்.

"அக்கா, வயிறு இன்னும் எறங்கவே இல்ல. எனக்கு இன்னும் நாள் கீற மாதிரிதான் தோணுது" என்றாள் கங்கம்மா.

"ஒனக்கு இன்னாடி தெரியும்? நாள் தாண்டிச்சின்னா உள்ளயே மூச்சு முட்டிப்பூடும்."

"வயிறு சின்னதா கீதே அக்கா."

"நீ துன்ற சோத்துக்கு வேற எப்படி இருக்கும்? குடிடி!"

"சொன்னா கேளுடி" என்று நானும் சேர்ந்துகொண்டேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. இரண்டு தரம் முனகியது. சம்பங்கி அதன் விரலைப் பிரித்துப் பார்த்தாள். நகம் நுனிவரை வளரவே இல்லை; மாசம் நிறையாத பிள்ளை. அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் குழந்தையும் போய்விட்டது.

புதைத்துவிட்டு வந்த தங்கவேலுவை, அதாவது கங்கம்மாவின் புருஷனை, சம்பங்கி வாசலிலேயே மறித்தாள்.

"ஒனக்கு ஷிப்டு எத்தினி நாளுக்கு ஒருக்கா மாறுது?"

"வேற சுரங்கக் குழிக்கு, புது ஷாப்டுக்குப் போய் எட்டு வாரமாச்சு. அங்க வாராவாரம் மாத்துறாங்க. ஏன்க்கா?"

சம்பங்கி நூலை எடுத்தாள். கடைசி எட்டு முடிச்சை விரலால் தடவினாள். இரண்டிரண்டு வாரம் என்று நாங்கள் நம்பியதெல்லாம் ஒவ்வொரு வாரம்தான். முழுசாக இரண்டு மாசம் தப்பு. கங்கம்மா சொன்னபடிதான் செய்தாள். ஷிப்டு மாறினால் ஒரு முடிச்சு. ஷாப்டு மாறியதா என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லையே! "பாவி, நான் பாவி" என்று சம்பங்கி தலையில் அடித்துக்கொண்டாள். போன உயிர் வந்துவிடுமா?

அதற்குப் பிறகு யாருக்கும் அவள் நாள் சொல்லவில்லை. கேட்டு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துரத்திவிட்டாள்.

எட்டு வாரம் கழித்து, நானும் சம்பங்கியும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது கங்கம்மா வந்தாள். பால் வற்றுவதற்காக மாரில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் அதே நூல். பிள்ளை போன பிறகும் நிறுத்தாமல் வாராவாரம் முடிச்சுப் போட்டு வந்திருக்கிறாள்.

"இன்னும் எட்டு போட்டேன் அக்கா" என்றாள். "கணக்கு பாத்துச் சொல்லு. இன்னிக்குத்தானே என் நாளு?"

சம்பங்கி நூலை வாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "இன்னிக்குத்தான்."