மெர்வும் லண்டன் துரையும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மெர்வ் ஹாப்குட் பிழைத்தது தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டு; ஆனால் தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் கடற்கரை ஊரான டம்பி பேயில் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது வாய்தான். வெள்ளிக்கிழமை மாலை, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில் மைக்கைப் பிடித்து, ஒரு தட்டு இறைச்சி பரிசாகக் கிடைக்கும் குலுக்கலுக்கு டிக்கெட்டின் நிறமும் எண்ணும் கூப்பிடுவான். நான் அங்கே பியர் ஊற்றுகிறவள், அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

"நீலம், அறுபத்தேழு! அட, நம்ம ட்ரெவரா? உன் பொண்டாட்டி சமையல்ல இந்த ஆடு ரெண்டாவது தடவை சாகணும்டா!"

அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு.

பிறகு அந்த நரம்பு நோய் வந்தது. தசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் நோய். முதலில் நாக்கு குழறியது. பேச்சு அடியோடு போவதற்குள் அவன் குரலைப் பதிவு செய்து கணினியில் ஏற்றினார்கள். ஒரே விரலால் பொத்தானை அழுத்தி எழுத்துகளைப் பொறுக்குவான். கணினி அவன் குரலிலேயே பேசும். முதல் பேச்சு மனைவி கொலீனிடம்: "கொஞ்சம் நகரு, டிவியை மறைக்கிறே." அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் அந்த விரலும் தளர ஆரம்பித்தது. மிஞ்சியது கண்தான். இம்மாதிரிக் கருவிகளைப் பொருத்துவதே வேலையாக இருக்கும் டானி என்ற பெண், அடிலெய்டிலிருந்து ஒரு கேமராவோடு வந்தாள். கண் போகும் இடத்தைப் பிடித்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கேமரா. மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இதுக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேணும்," என்றாள்.

"போட வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"அதுல மெர்வோட குரல் ஓடாது. குரல் செஞ்ச கம்பெனியை மூடிட்டாங்க, மாத்திக் கொடுக்க ஆளில்லை. பழசுல குரல் இருக்கும், கேமரா வராது. புதுசுல கேமரா வரும், குரல் இருக்காது."

மறுபடி பதிவு செய்ய அவனிடம் குரல் ஏது? எனக்கு எரிந்துகொண்டு வந்தது. நிலாவுக்கு மனுஷனை அனுப்புகிறார்கள். ஒரு கேமராவையும் ஒரு குரலையும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் வைக்கத் துப்பில்லை.

"பழசே இருக்கட்டும்," என்றாள் கொலீன். "விரல் இன்னும் ஆடுதில்ல?"

மெர்வ் அந்த விரலை அழுத்த ஆரம்பித்தான். நாங்கள் டீ குடித்து முடித்தும் வாக்கியம் முடியவில்லை. கடைசியில் அவன் குரலிலேயே வந்தது: "கொலீன், உனக்கு என் குரல் வேணுமா, நான் வேணுமா?"

அவள் எழுந்து வெளியே போனாள். கொடியில் கிடந்த துணிகளை, காய்ந்தது காயாதது எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தாள்.

"மாத்துங்க," என்றாள்.

டானி புதுக் கணினி ஒன்றை வைத்து, பழையதைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, பல குரல்களைப் போட்டுக் காட்டினாள். எங்கள் பக்கத்துச் சாயலில் நல்ல குரல்கள் இருந்தன. மெர்வ் எடுத்துக்கொண்டது மூக்கால் பேசும் ஒரு லண்டன் துரையை. ஏண்டா என்று கேட்டேன். கண்ணால் எழுதினான்: "பாதி என்னை மாதிரி இருந்தா, மீதியை அவ தேடுவா."

அந்த வெள்ளிக்கிழமை கிளப்பில் துரைதான் எண் கூப்பிட்டார். "நீலம். பன்னிரண்டு." ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னடா, எழவு வீடா இது? நான் இன்னும் சாகலை," என்றார் துரை. சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. கொலீன் மட்டும் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டிலும் துரை வாய் திறந்தால் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். மெர்வ் விடவில்லை. டீ ஆறிப்போச்சு என்பான், ரேடியோவைக் குறை என்பான், பழையபடி நகரச் சொல்வான். நாளாக நாளாக அவள் அடுத்த அறையிலிருந்தே பதிலுக்குத் திட்டினாள். "வாயை மூடுங்க துரை!" பிறகு திட்டுவதற்கென்றே இந்த அறைக்கு வந்தாள்.

அறுவடைக் காலத்தில், கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்ற வாரத்தில், மெர்வ் போய்விட்டான்.

எல்லாம் முடிந்த பிறகு கொட்டகையிலிருந்து பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். அசல் குரலைக் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்பது என் நினைப்பு.

"அதை அப்படி வை," என்றாள் கொலீன். "துரையை எழுப்பு."

"அது மெர்வோட குரலே இல்லையேடி."

"கடைசி வரைக்கும் என்கூடச் சண்டை போட்டது அவன்தான்."

எழுப்பிக் கொடுத்தேன். திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கேமரா மெர்வின் கண்ணுக்குப் பழகியது. அவள் பார்த்தது ஓரிடம், அது பிடித்தது வேறிடம். அவன் சேமித்து வைத்திருந்த பேச்சு ஒன்றின் மேல் போய் நின்றது.

"கொஞ்சம் நகரு, டிவியை மறைக்கிறே," என்றார் துரை.

கொலீன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.