ரெண்டு தடவை இழுத்த கயிறு

என் வீட்டுக்காரர் கடலுக்குள் இறந்துபோன பிறகு, என் தம்பியின் உள்ளங்கையில் கயிறு இழுக்க ஆரம்பித்தது. சபையாரே, இதை எப்படிச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். எனக்கு மைக்கைப் பிடித்துப் பேசவும் வராது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதி வாசிக்கிறேன். நல்லதை மட்டும் பொறுக்கிச் சொன்னால் ஆண்டவர் செய்தது பாதிதான் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். என் வீட்டுக்காரர் தாமஸ், சங்கு குளிக்கப் போகிறவர். தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தத் தொழிலை நான் சொல்லித்தர வேண்டாம். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து காற்று வருகிற குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஆள் அடியில் இறங்கிச் சங்கு பொறுக்குவார். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனையை மேலே ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழேயிருந்து ஒரு தடவை இழுத்தால் ‘நல்லா இருக்கேன், கயிற்றை விடு’ என்று அர்த்தம். ரெண்டு தடவை இழுத்தால் ‘தூக்கு’.

கயிறு பிடிக்கிறதுக்கு எங்கள் பக்கத்தில் மச்சானைத்தான் நிறுத்துவார்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தானாம். அக்கா தாலி அவன் கையில் இருக்கிறது, கண்ணை அசைக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. என் தம்பி ஜெபராஜ் அப்படித்தான் நின்றான். பக்கத்து வள்ளத்துக்காரன் பேச்சுக் கொடுத்தால்கூடத் திரும்ப மாட்டான். “உன் தம்பி கயிறு பிடிச்சான்னா நான் கீழ ஒரு தூக்கம் போட்டுட்டே வரலாம்” என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

அன்றைக்குக் கடல் அலுங்காமல் கிடந்ததாம். ரெண்டு தடவை இழுப்பு வந்தது. ஜெபா அந்த நொடியே தூக்கினான். கையில் கனம் இருந்தது. பாதிக் கயிறு ஏறியதும் கனம் இல்லாமல் போய்விட்டது. மேலே வந்தது வெறும் முனை. மற்ற வள்ளத்து ஆட்கள் குதித்துத் தேடி அவரை ஏற்றியபோது உயிர் இல்லை. நெஞ்சுவலியாக இருக்கும் என்றார்கள். முடிச்சு எப்படிக் கழன்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெபா மேல் ஒரு குறையும் இல்லை என்று வள்ளத்தில் இருந்த எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அது அவன் காதில் ஏறவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடுகிற நேரம். என் பக்கத்தில் நின்றவன் சட்டென்று வலது கையை மூடினான். முகம் வெளுத்துப்போனது.

“அக்கா, மச்சான் இழுக்காவ” என்றான். “ரெண்டு தடவ.”

நான் அழுதுகொண்டிருந்தேன். ஏதோ உளறுகிறான் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கயிற்றை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மீதியைக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிடுவான். கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். திடீரென்று எழுந்து, கைமாற்றிக் கைமாற்றி இழுப்பான். முனை வரும். அதைத் தடவிப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவையாவது ஆள் இருப்பார் என்று நம்பித்தான் தடவினான். பிறகு சுருட்டி, மறுபடியும் கட்டிலுக்கு அடியில் விடுவான். அன்றைக்குக் கடலில் கயிறு அறுத்த புண் உள்ளங்கையில் ஆறவே இல்லை. ஆற அவன் விட்டால்தானே? சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வான். தொழிலுக்குப் போவதில்லை, சபைக்கும் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் வீடு கூட்டும்போது கயிற்றைக் கையில் எடுத்தேன். இழுத்தது. ரெண்டு தடவை. மறுமுனை என் கண் முன்னால்தான் கிடந்தது, அதைத் தொட யாரும் இல்லை. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து வெயிலில் நின்றேன். இதை இன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியே சொல்கிறேன். மனப்பிரமை என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆளாளுக்கு வழி சொன்னார்கள். ஆத்தூரிலிருந்து வந்த எங்கள் சித்தி, “ஏளா, செத்தவன் ஆவி இவனப் பிடிச்சிருக்கு. கட்டிப்போட்டு ஜெபம் பண்ணுத எடம் ஒண்ணு இருக்கு, அங்கன கொண்டு விடு” என்றாள். என் வீட்டுக்காரரைப் பேய் என்று சொன்னால் எனக்கு வருமே கோபம்! காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். கயிற்றை எரித்துவிடு என்றார்கள் சிலர். அதையும் செய்து பார்த்தேன். கொல்லையில் போட்டு மண்ணெண்ணெயை ஊற்றும்போது அவன் ஓடிவந்து கயிற்றின் மேல் விழுந்தான்.

“மச்சான் கீழ இருக்காவ. கயித்த எரிச்சா எதப் பிடிச்சு வருவாவ?”

தீப்பெட்டியை நான் கீழே போட்டுவிட்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. உச்சிவெயிலில் அவனைக் காணோம். கடற்கரையில்தான் இருப்பான் என்று ஓடினேன். கரையோரம் நின்ற ஒரு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தான். வாயில் காற்றுக் குழாய் இல்லை, ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து அவன் சிரித்தது அன்றைக்குத்தான், அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மறுமுனையை என்னிடம் நீட்டினான்.

“நீ பிடிச்சுக்கோ அக்கா. நான் போய் அவியளப் பாத்துட்டு வாரேன். ரெண்டு இழு இழுத்தா ரெண்டு பேரையும் தூக்கிரு.”

வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டு அவனை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் முழங்காலில் விழுந்தேன். அதுவரை நான் ஜெபம் என்று பண்ணியதெல்லாம் ஆண்டவரோடு சண்டைதான். ஏன் எடுத்தீர், ஏன் எடுத்தீர் என்று. அன்றைக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. “ஆண்டவரே, போனவரை நான் இனிமேல் கேட்கவில்லை. இருக்கிறவனை எனக்குக் கொடும்” என்று மட்டும் சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. குக்கர் விசில்தான் அடித்தது.

மறுநாள் புதன்கிழமை, பெண்கள் வேதபாட வகுப்பு. போகிற மனசே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னைத் தள்ளிவிட்டாள். கமலா டீச்சரின் வகுப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு அதிகாரத்தையும் தாண்ட மாட்டார், குரலை ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். எரேமியா புஸ்தகம் மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. “இந்த மனுஷன் எப்போதான் அழுது முடிப்பாரோ” என்று பின்வரிசையில் நாங்கள் முனகாத வாரம் இல்லை.

அன்றைக்கு வந்த பகுதி, எரேமியாவைக் குழிக்குள் போட்ட இடம். கயிற்றில் கட்டி அவரைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். குழியில் தண்ணீர் இல்லை, சேறுதான். அதில் அவர் அமிழ்கிறார். அரண்மனையில் வேலை பார்த்த ஒரு எத்தியோப்பியர் ராஜாவிடம் கெஞ்சி, அவரைத் தூக்க உத்தரவு வாங்குகிறார். கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே ஓட வேண்டியதுதானே? அவர் அப்படிச் செய்யவில்லை. போகிற வழியில் கிழிந்த கந்தல் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறார். அவற்றை எரேமியாவிடம் இறக்கி, அக்குளில் வைத்து அதன் மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். அப்புறம்தான் தூக்குகிறார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்ன வயதிலிருந்து சபையில் கிடக்கிறேன், இந்தத் துணி என் கண்ணில் பட்டதே இல்லை. கயிறு அறுக்கும் என்று நினைத்துப் பார்த்த ஒரு மனுஷனை ஆண்டவர் தம் வேதத்தில் எழுதிவைத்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் தம்பி கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கத்தான் பார்த்தோம். அந்தக் கையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றை வைத்திருந்தேன். இன்னும் அவர் வாடை அதில் இருந்தது. அதைக் கிழிக்கிற சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. புண்ணைக் கழுவி மருந்து போட்டு, அந்தத் துணியை அவன் உள்ளங்கையில் சுற்றினேன். சுற்றிக்கொண்டே வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். கயிற்றைத் தூரப்போடு என்று சொல்லவில்லை.

“அவரு உயிரோட மேல வந்தாரா?” என்று கேட்டான்.

“வந்தாருலே.”

கையில் சுற்றிய துணியைத் தடவிப் பார்த்தான். “அப்போ கடைசி வரைக்கும் கனம் இருந்திருக்கும்” என்றான். அப்புறம் அழுதான். அடக்கத்தன்றுகூட அழாதவன், என் மடியில் முகத்தை வைத்து அப்படி அழுதான். நானும் அழுதேன்.

அடுத்த புதன்கிழமை அவனே என்னோடு வந்தான். அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆம்பிளை, வாசலோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கயிற்றையும் கொண்டுவந்திருந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதற்காக உங்கள் எல்லாருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு நாள் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசி நாளில் கடலும் தனக்குள் இருக்கிற மரித்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று டீச்சர் விளக்கினார்.

ஜெபா வாசலிலிருந்து கேட்டான்: “அன்னைக்கு யாரு தூக்குவா டீச்சர்?”

“ஆண்டவர் தூக்குவாரு.”

“பாதியில கழண்டுறாதா?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “கழலாது தம்பி” என்றார்.

இழுப்பு அதோடு நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். இருந்தது. ஆனால் சாப்பிட்டான், தூங்கினான், புண் ஆறியது. இழுப்பு வந்தால் கயிற்றுக்குப் பதிலாகத் துணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தான்.

அப்புறம் நம் ஜில்லாவையே முக்கிப்போட்ட அந்த மார்கழி மழை. ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர்ப் பக்கமெல்லாம் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. நம் கடற்கரை ஆட்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜெபா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மறித்து நின்றேன்.

“இந்தக் கயிறு வேண்டாம்லே. வேற கயிறு கொண்டு போ.”

“வேற கயிறு எனக்குப் பிடிக்கத் தெரியாதுக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நடந்ததை அவன் வந்து சொன்னான். ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு. உள்ளே ஒரு அம்மா, வெற்றிலைக் கொடிக்கால்காரி, நல்ல தாட்டியான உடம்பு. தண்ணீர் ஏறிக் கதவு அடைத்துக்கொண்டதால் பரண் மேல் ஒண்டியிருந்தாள். ஜெபா கூரையில் ஏறி ஓட்டைப் பிரித்தான். உள்ளே இருட்டு, கறுப்புத் தண்ணீர். கயிற்றை இறக்கினான். கூடவே அந்தச் சாரத்துணியையும் வேறு துணிகளையும் சுருட்டிப் போட்டான்.

“யம்மா, துணிய அக்குள்ல வச்சு அதுக்கு மேல கயித்தப் போடுங்க. போட்டு முடிச்சதும் ரெண்டு இழு இழுங்க.”

ரெண்டு தடவை இழுப்பு வந்தது. உள்ளங்கையில் வந்த அந்த இழுப்பு தனக்கு எப்படி இருந்தது என்று அவனால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. தூக்கினான். பாதிக் கயிறு வந்தது. அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, ஆண்டவரே” என்று கத்தினானாம். கனம் குறையவில்லை. கனம் குறையவே இல்லை அக்கா என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த அம்மா தலையை வெளியே நீட்டினதும், “ஏலே, எந்தோளப் பிச்சுப்புட்டியே!” என்று ஏசினாளாம். அந்த ஏச்சைக் கேட்டு அவன் கூரை மேலேயே உட்கார்ந்து சிரித்திருக்கிறான். தண்ணீர் வடிந்த பிறகு அவள் ஒரு கட்டு வெற்றிலையோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். வெற்றிலை போடத் தெரியாதவன், அவளுக்காக ஒன்று போட்டுவிட்டு வாயைச் சிவக்க வைத்துக்கொண்டு நின்றான்.

இப்போது அவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கரைக்கு வருகிற கப்பலின் கயிற்றை வாங்கிக் கட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறான், உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். இருக்கிறவனை எனக்குக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படிக் கீழேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவரை ஏசாதீர்கள், கட்டிப்போடாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, மனசு இல்லாவிட்டாலும் புதன்கிழமை வேதத்தைத் திறக்கிற இடத்தில் வந்து உட்காருங்கள். எனக்கு வேண்டியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெபாவின் கை அசைந்தது. எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். “இன்னும் இழுக்காவளா?” என்று கேட்டேன்.

“ஆமாக்கா” என்றான். பயம் ஒன்றும் அவன் முகத்தில் இல்லை. கையை விரித்துப் பார்த்தான்.

“ஆனா இப்போ ஒரு தடவதான் இழுக்காவ.”