பூசைக்கு முன் ஒரு அணிவகுப்பு

திருமானூர்ப் பக்கம் பங்குக் கோவில் பள்ளியில் நான் வாத்தியார். சாரணர் படையும் என் பொறுப்பு. நான் இந்து, வேதக்காரர்களான கிறிஸ்தவர்களின் வழக்கங்கள் அதிகம் தெரியாது.

போன திருவிழாவன்று, படை மிடுக்காக வந்திறங்க வேண்டுமென்ற ஆசையில், ஒன்பது மணிப் பூசைக்குப் பையன்களை ஐந்து மைல் அணிவகுத்து நடத்தினேன். கோவில் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், கொடி பிடித்து வந்த அந்தோணி சுருண்டு விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் லேசாக விழித்தான். குடிக்கக் கொடுத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறான்!

“அவன் நன்மை வாங்கணும் சார். நடுராத்திரிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுங்க. நாங்க யாருமே குடிக்கலீங்க” என்றான் இன்னொருவன். பூசையில் சாமியார் தரும் அப்பத்தைத்தான் நன்மை என்கிறார்கள்.

மற்ற இருபது பேரின் காய்ந்த உதடுகளை அப்போதுதான் பார்த்தேன். அந்தோணியைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன். சாமியாரே தண்ணீரை எடுத்து, “நன்மை நாளைக்கு வாங்கிக்கலாம், குடிப்பா” என்ற பிறகுதான் வாயைத் திறந்தான். எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

இப்போதெல்லாம் பூசை முடிந்து, பையன்கள் கஞ்சி குடித்த பிறகே விசிலை எடுக்கிறேன். கொடி இன்றும் அந்தோணி கையில்தான். “குடிச்சாச்சு சார்” என்று அவன் சொல்லாமல் படை ஓரடி நகராது.