பையப் பேசிய மார்கழி

பள்ளிக்கூட ஆபீசில் முன்மேசை என்பது, உள்ளே இருக்கிற அத்தனை பேர் மேலும் வருகிற கோபத்தை முதலில் வாங்கி வைக்கிற இடம். பஸ் லேட், டிபன் பாக்ஸ் காணோம், பக்கத்துப் பையன் கிள்ளிவிட்டான், எல்லாவற்றுக்கும் நாம்தான் பொறுப்பு. இந்த மாதிரி மேசையில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், நான் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

தோவாளைச் சந்தையில் பூ வாங்கி விற்று, அந்த லாபத்தில் தபாலில் பட்டம் படித்து இங்கே வந்தவள் நான். சந்தையில் வாயைத் திறக்காதவளுக்கு வாடின பிச்சிதான் கிடைக்கும். அதனால் சாக்பீஸ் முதல் பெஞ்சு வரை பள்ளிக்கூடத்துக்கு விலை பேசி வாங்குகிற வேலையும் என் தலையில்தான். வினையும் அந்த வாயால்தான் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த பிரின்சிபால் மேடம் எறும்பைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிறவர். நான் ஒரு தகப்பனாரிடம் பேசியது அவர் அறையையும் தாண்டி ஆறாம் வகுப்பு வரைக்கும் போயிருக்கிறது. கூப்பிட்டு, உட்கார வைத்து, காபி கொடுத்து, அப்புறம் சொன்னார்: "ஏனுங்க ராஜம், அரையாண்டு லீவு விடற வரைக்கும் உங்க மேல இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா, புஸ்தக ரூமுக்கு மாத்திடுவேனுங்க."

புஸ்தக ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அது பரவாயில்லை, பேசுவதற்கு அங்கே ஆளும் கிடையாது.

குல்லா

அன்றைக்கே என் சேக்காளிகள் இரண்டு பேரும் காவலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி, கருங்கல் பக்கத்திலிருந்து வருகிற கணக்கு டீச்சர் ஸ்டெல்லா. இன்னொருவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற சுயம்பு அண்ணன். என் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், இரண்டு பக்கத்திலிருந்தும் 'பைய, பைய' என்று சத்தம் வரும். நானும் பையப் பேசிப் பழகினேன், எனக்கே கேட்காத அளவுக்கு.

அப்போதுதான் இனயத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருக்கிற ஒரு அம்மா, தன் மகளுக்கு லீவு சொல்ல வந்தார். "மோளுக்குப் பனி" என்றார். மேற்கே கடற்கரைப் பக்கம் பனி என்றால் காய்ச்சல். மேசைக்குப் பக்கத்தில் நின்ற பிரின்சிபாலுக்கு அது தெரியாது. மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் இதைவிட ஜாஸ்தி, இதற்கெல்லாம் லீவு எடுத்தால் எப்படி, காதை மூடி ஒரு குல்லா போட்டு அனுப்பிவையுங்கள் என்று அன்பாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொல்லத்தான் செய்தேன். பையச் சொன்னதால் யார் காதிலும் விழவில்லை. அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்: "ஒங்களுக்குப் பனி வரும்போ சொல்லி அனுப்புங்க மேடம். நானும் ஆளுக்கொரு குல்லா வாங்கித் தாறேன்."

இன்னொரு வண்டி

பெற்றோர் கூட்டத்தன்று காலையில் வேன் கேட்டிலேயே நின்றுவிட்டது. குளிரில் எஞ்சின் மக்கர் பண்ணுகிறது என்றார் சுயம்பு அண்ணன். நம்ம ஊரில் ஒரு ஸ்வெட்டர் போட்டால் வேர்க்கிற குளிர், அது எப்படி எஞ்சினுக்கு மட்டும் உறைத்தது என்று கேட்க வாயெடுத்தேன். ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள்.

அந்த நேரம் பார்த்து நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து, "மிஸ், எனக்க தள்ள வந்திருக்கு, வெளிய நிக்குது" என்றாள். மேற்கே சில வீடுகளில் அம்மாவைத் தள்ளை என்றுதான் சொல்வார்கள். பிரின்சிபால் மேடம் முகம் மலர்ந்துவிட்டது. வேனைத் தள்ள ஆள் வந்துவிட்டது என்று நேரே கேட்டுக்குப் போனார். கூட்டத்துக்காகப் பட்டுச்சேலை உடுத்தி வந்து நின்ற அந்த அம்மாவைக் கும்பிட்டு, வேனைக் காட்டி, "கொஞ்சம் தள்ளுங்கம்மா, ரொம்பப் புண்ணியமுங்க" என்றார். இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் யாரால் மறுக்க முடியும்? அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ள, நாங்களும் தள்ள, வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. கம்ப்ளைன்ட் வரப்போகிறது, என் கதை முடிந்தது என்று நான் நிற்கிறேன். அந்த அம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "மீட்டிங்கு முடிஞ்சுதா மேடம், இல்ல இன்னொரு வண்டி உண்டா?"

தொண்டை

கிறிஸ்துமஸ் விழாவுக்கு மேடை ஜோடிக்கப் பூ வேண்டும். விடியுமுன்னே மூன்று பேரும் தோவாளைக்குப் போனோம். வேலை பாதி, ஊர் சுற்றல் பாதி. வயல் மேலே பனி புகை மாதிரி கிடந்தது. இது கோயம்புத்தூர்ப் பனி, இனயத்துப் பனியில்லை என்று ஸ்டெல்லா விளக்கம் சொன்னாள். சுயம்பு அண்ணன் சாயாக் கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். அவர் வண்டி சாயாக் கடையில் நிற்பதற்கு மட்டும் குளிர் ஒரு தடையே இல்லை.

சந்தையில் என் பழைய கூட்டுக்காரர் கிரேந்திப் பூவுக்கு ஒரு விலை சொன்னார். வழக்கமாக அந்த விலைக்கு நான் சொல்லும் பதிலில் பக்கத்துக் கடைக்காரர்களும் விலையைக் குறைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு, பையப் பேசும் பழக்கம் விட்டுவிடக் கூடாதே என்று, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மனுஷன் தராசைக் கீழே வைத்துவிட்டார். ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். திரும்பி வந்து, நான் கேட்காமலே விலையைக் குறைத்து, ஒரு பொட்டலம் பிச்சியும் சும்மா கட்டிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை: "காசு கெடக்கட்டும் அக்கா. மொதல்ல ஒரு நல்ல டாக்டர்ட்ட தொண்டையக் காட்டுங்க."

கோட்டை வாசல்

கடைசிப் பரீட்சை மத்தியானத்தோடு முடிந்தது. அன்றைக்கு மாலை டீச்சர்மார் எல்லாரும் சேர்ந்து ஒரு ஊர் சுற்றல்: வட்டக்கோட்டை, அங்கிருந்து கன்னியாகுமரி. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது பிரின்சிபாலின் நெடுநாள் ஆசை. எங்கள் வேன் ஒர்க்‌ஷாப்பில். வாடகை வேனை, சண்டை வராமல் இருக்கட்டும் என்று அவரே போனில் பேசியிருந்தார். எல்லாவற்றுக்கும் 'சரிங்க, சரிங்க' என்று அவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டை மதிலில் காற்று வாங்கிவிட்டு இறங்கினால், டிரைவர் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பேசினது கோட்டை வரைக்கும்தான், கன்னியாகுமரி என்றால் அதற்குத் தனி, திரும்பிப் போக அதற்கும் தனி என்றார். பிரின்சிபால் அவரை அண்ணா என்றார், தயவு பண்ணுங்க என்றார். அவர் பண்ணப் பண்ண அந்த ஆள் சீட்டைச் சாய்த்து வசதியாகப் படுத்துவிட்டார். வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. டீச்சர்மார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன். லீவு நாளைக்குத்தான் தொடங்குகிறது, இன்றைக்கு வாயைத் திறந்தால் லீவு முடிந்து எனக்குத் திறக்கப்போகும் கதவு புஸ்தக ரூம் கதவு.

"ஏட்டி, பேச்ச விழுங்காதட்டி, நெஞ்சடைச்சிரும்" என்றாள் ஸ்டெல்லா. அப்போது பிரின்சிபால் மேடம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று அவரே பையச் சொன்னார்: "ராஜம்... இப்ப மட்டும் கொஞ்சம் சத்தம் போடுங்களேன்."

அத்தனை நாள் சத்தமும் உள்ளே கிடந்தது. பொம்பளைகளைக் கோட்டையில் இறக்கிவிட்டுப் போக நாங்கள் என்ன காவல் காக்க வந்த ராஜா காலத்துப் பட்டாளமா என்றுதான் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் எழுத்தில் வராது. மதில் மேல் நின்ற வெளியூர்க்காரர்கள் கடலை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள். பாக்கெட்டிலிருந்து சாவியை டிரைவர் எடுத்தாரா, அது தானாக வந்ததா தெரியாது, வண்டி நின்றபடியே உறும ஆரம்பித்தது. சூரியன் தண்ணீரைத் தொடுமுன்னே கன்னியாகுமரியில் இருந்தோம். பிரின்சிபால் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

திரும்பும்போது டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தப் பொம்பளை மேல் ஒரு கம்ப்ளைன்ட் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் யாரிடம் கொடுக்க என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். பிரின்சிபால் மேடம் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை: "முன்மேசையில குடுத்துடுங்கண்ணா. அங்க இவங்கதான் இருப்பாங்க."

லீவு முடிந்ததிலிருந்து நான் எல்லாரிடமும் பையத்தான் பேசுகிறேன், காது கேட்காதவர்களுக்கு மட்டும் இரண்டாம் தடவை பழைய குரலில் சொல்கிறேன்.