தண்ணீருக்குக் குறைத்த மதிப்பெண்

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். என் விஷயத்தில் அது பொய். கல்லூரியின் சமூகப்பணித் துறையில் இத்தனை வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வினையே அதுதான்.

ஆலோசனைக்கு வருபவர் சொல்வதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அறிவுரை கூடாது, அவசர ஆறுதலும் கூடாது. இது பாடம். சாம்பாரில் உப்பு இல்லை என்று கணவர் சொன்னால், "உப்பு குறைஞ்சதுல உங்களுக்கு வருத்தம், இல்லையா?" என்பேன். உப்பு ஜாடி என் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். மனிதர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மன்னார்புரத்தில் ஒரு ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பிரிந்துவிடலாம் என்று போனில் சொன்னார். "பிரியணும்னு உங்களுக்குத் தோணுது" என்றேன். போனை வைத்துவிட்டார்.

மகள்தான் இரண்டு பேரிடமும் சண்டை போட்டுப் பாலக்கரையில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்கு அனுப்பிவைத்தாள். உள்ளே ஆலோசகர் நாற்காலியில் இருந்தவள் என் பழைய மாணவி.

அவளை மறக்க முடியாது. படிக்கும்போது களப்பணியில் ஒரு பெண் அழுதிருக்கிறாள். இவள் எழுந்து தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதியும் வைத்தாள். "அழுகையை நிறுத்தியது யாருக்காக? அவளுக்காகவா, உனக்காகவா?" என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்த வரியைச் சக ஆசிரியர்களிடம் படித்துக்காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

"வணக்கம் மேடம்" என்றாள். என்னைவிட அவளுக்குத்தான் நடுக்கம். ஆனால் லேசாக முன்னால் சாய்ந்து, கையைக் கட்டாமல், சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்தாள். என் கல்யாணமே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, நான் மனதுக்குள் அவளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணவர் அவளைப் பார்த்துப் பேசினார். "போன வருஷம் வயித்துல ஏதோ கட்டி மாதிரி இருக்குன்னு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்கம்மா. அதுக்கு முதல் நாள் இவகிட்ட, எனக்குப் பயமா இருக்குடின்னு சொன்னேன். 'பயமா இருக்குன்னு சொல்றீங்க'ன்னா. அவ்வளவுதான். நான் போய்ப் படுத்துட்டேன்."

கட்டி ஒன்றுமில்லை என்று மறுநாள் தெரிந்துவிட்டது. நானும் அதை மறந்துவிட்டேன். இப்போது ஞாபகம் வந்தது. அன்று நானும் பயந்துதான் போயிருந்தேன். பயத்தைக் காட்டுவதைவிடப் பாடத்தைச் சொல்வது சுலபமாக இருந்தது. வெட்கமாக இருந்தது, அழுதுவிட்டேன்.

அவள் அசையவில்லை. தண்ணீர் ஜாடி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மனதுக்குள் இருபது வரை எண்ணுகிறாள் என்று தெரியும், அழுகிறவரைத் தடுக்காமல் அப்படி எண்ணச் சொன்னதே நான்தான். முழு மதிப்பெண். எந்த மாணவி மேலும் எனக்கு அப்படி ஆத்திரம் வந்ததில்லை.

"கொஞ்சம் தண்ணி கொடேம்மா" என்றேன்.

"மேடம், நீங்கதானே அன்னிக்கு..." என்று அவள் தடுமாறுவதற்குள் கணவர் எழுந்து ஊற்றிவிட்டார். டம்ளரை நீட்டி, என் குரலிலேயே, "தாகமா இருக்குன்னு சொல்றே, இல்லையா?" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து எனக்குப் புரையேறிவிட்டது. அவள் நோட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

சிரித்ததால் எல்லாம் சரியாகிவிடுமா? பஸ் ஸ்டாப்பில் மன்னார்புரம் பஸ்தான் முதலில் வந்தது. அவர் படியில் கால் வைத்தார்.

"உங்களுக்குப் போகணும்னு..." என்று வாய் தன் பாட்டுக்குத் தொடங்கியது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"போகாதீங்க. எனக்கும் பயமா இருக்கு."

கண்டக்டர் விசில் அடித்தார். இவர் படியிலிருந்து காலை எடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா போதுமேடி" என்றார்.