பின்தொடர்: அர்ச்சுனன்

சாமுண்டீஸ்வரியை அடித்துவிட்டு முழுசாக வீடு போனவன் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. மரக்காணத்தில் எங்கள் உப்புச் சங்கத்து வாசலில் லாரி எடைமேடையைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியை அவளே சொன்னாள்.

பெருமுக்கல்லில் பிறந்தவள். அப்பன் குடித்துவிட்டு வந்து அம்மாவை மிதிப்பான். ஒருநாள் மிதிக்கிற காலைக் கட்டிப்பிடித்துக் கடித்துவிட்டாள்; அந்த ஆள் சாகிறவரை நொண்டினான். அம்மா போனபிறகு தம்பி ராஜவேலை இவள்தான் வளர்த்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் பெல்ட்டைக் கழற்றினான். முதல் தடவை பொறுத்துக்கொண்டாள். அடுத்த தடவை, கொதிக்கிற கஞ்சியை அவன் மடியில் கவிழ்த்துவிட்டு, தம்பி கையைப் பிடித்துக்கொண்டு மரக்காணத்துக்கு பஸ் ஏறினாள்.

இப்படிப்பட்டவளுக்குச் சங்கத்தில் கிடைத்தது கூட்டம் கூட்டுகிற வேலை. பாத்தி வைத்திருப்பவர்கள், உப்பு வாருகிறவர்கள், லாரிக்காரர்கள் என்று யாருக்குள் தகராறு வந்தாலும் செயலாளர் ராஜாங்கம் கூப்பிடச் சொல்வார், இவள் கூப்பிடுவாள்.

"நாற்காலியில உக்காந்துட்டா மனுஷன் கை சும்மா இருக்கும்ணா. எழுந்தாத்தான் வம்பு" என்பாள் என்னிடம். அதனால் ஒரு கூட்டம் முடிந்து ஆட்கள் செருப்பு மாட்டுவதற்குள் அடுத்த கூட்டத்துக்குத் தேதி போட்டுவிடுவாள். அவளுக்கு ஊரில் ஃபாலோ அப் சாமுண்டி என்று பெயர். அவள் காதுபடச் சொன்ன ஒரு லாரி டிரைவர் மட்டும் உதடு வீங்கிப் போனான்.

சங்கத்துக் கம்ப்யூட்டர் பழையது. அதிலிருந்த காலண்டரும் பழைய வெர்ஷன். முடிந்த கூட்டத்தைத் திறந்தால் மேலேயே சின்னச் சிவப்புக் கொடி ஒன்று இருக்கும், பக்கத்தில் இங்கிலீஷில் ஃபாலோ அப் என்று எழுதியிருக்கும். அதை அமுக்கினால் போதும். அதே ஆட்கள், அதே தலைப்பு, அதே இடம் எல்லாம் தானே வந்துவிடும். தேதியை மட்டும் மாற்றி அனுப்பினால் எல்லார் போனிலும் போய் விழும். நன்றாக இருக்கிற ஒன்றைக் கலைத்து, பட்டனைப் பிடுங்கி வேறெங்கோ ஒளித்து, அதற்குப் புது வெர்ஷன் என்று பெயர் வைக்கிறார்களே, அவர்களில் ஒருவன் என் கையில் கிடைத்தால் சித்திரை மாத மதியத்தில் உப்புப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்க வைப்பேன். ஏன் இவ்வளவு கோபம் என்று நினைக்கிறவர்கள் மீதியையும் கேளுங்கள்.

ராஜவேல் வளர்ந்து உப்பளத்தில் மேஸ்திரி ஆனான். அவன் போட்ட வரப்பு மீனவர் குப்பத்துப் படகுகள் கழிவெளி ஏரிக்குப் போகிற வாய்க்காலை அடைத்துவிட்டது. குப்பத்தில் படகு வைத்திருக்கிற அர்ச்சுனனின் தம்பி அசோகன் வந்து வரப்பை வெட்டிவிட்டான். அன்று சாயங்காலமே ராஜவேல் பைக்கில் அசோகன் பின்னாலேயே பாலம் வரைக்கும் போய் மடக்கி வெட்டினான். அசோகனின் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. "ஃபாலோ பண்ணி வெட்டிட்டானுங்க" என்பதுதான் பிறகு குப்பத்தில் எல்லார் வாயிலும் இருந்த பேச்சு.

ஜாமீனில் வந்த தம்பியைச் சாமுண்டி வாசலிலேயே நிறுத்தித் துடைப்பத்தால் முதுகு தடிக்க அடித்தாள்.

"ஒருத்தன் கைய எடுத்துட்டு வந்து எங்கிட்ட சோறு கேக்கறியாடா?"

"அக்கா, போதும்க்கா."

அடித்து முடித்துவிட்டுச் சோறு போட்டாள். அவன் சாப்பிடுகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அர்ச்சுனன் சும்மா விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். குப்பத்து முனையில் போலீஸ் வேன் நின்றது. அது எத்தனை நாளைக்கு நிற்கும்? இரண்டு பக்கத்தையும் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசி முடித்தால்தான் தம்பி உயிரோடு இருப்பான். அவளுக்கு அப்போது வேறு எதுவும் முக்கியமில்லை.

முதல் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். புகார் கொடுத்தவர் பெயரையே தலைப்பாகப் போடுவது அவள் வழக்கம். "அர்ச்சுனன்" என்று ஒரே சொல்லில் போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. அசோகன் மொட்டைக் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தான். அதைப் பார்த்து ராஜவேல் பக்கத்து ஆள் ஒருவன் சிரித்துத் தொலைத்தான். அவ்வளவுதான், அர்ச்சுனன் நாற்காலியைத் தூக்கினான். சிரித்தவனுக்குத் தாடை பெயர்ந்தது, ராஜாங்கத்துக்கு நெற்றி கிழிந்தது. கம்ப்யூட்டர் சுவரில் மோதி இரண்டாக விழுந்தது. சாமுண்டி நடுவில் புகுந்து இரண்டு பக்கத்துக்கும் பாகுபாடில்லாமல் அறை கொடுத்துத்தான் கூட்டம் கலைந்தது.

தலையில் கட்டோடு ராஜாங்கம் சொன்னார்: "இன்னொரு கூட்டம் போடும்மா. வெள்ளிக்கிழமை. விட்டா உன் தம்பிய கொன்னுடுவானுங்க."

போடத்தான் கம்ப்யூட்டர் இல்லையே. அவளிடம் இருந்தது பட்டன் போன். செவ்வாய்க்கிழமை காலையில் ராஜவேலின் போனை வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் போனில்லாமல் உப்பளத்துக்குப் போனான். குப்பத்துக்குப் போன் பண்ணிப் பார்த்தாள். ராஜவேல் நம்பரைப் பார்த்ததும் அர்ச்சுனன் கட் பண்ணினான். சரி, எப்போதும்போலக் காலண்டரில் அனுப்பிவிடலாம் என்று என் எடைமேடை அறையில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் போனில் புது வெர்ஷன். ராஜவேல் எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்திருந்தான். சங்கத்துக் காலண்டர் கணக்கைத் திறந்து பழைய கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். சிவப்புக் கொடியைத்தான் காணோம். மேலே தேடினாள், கீழே தேடினாள்.

"எங்கணா போயி தொலைஞ்சுது இந்த ஃபாலோ அப்பு?"

"மூணு புள்ளி இருக்குது பாரு, அத அமுக்கு."

அமுக்கினாள். திருத்து, நகலெடு, பின்தொடர், நீக்கு என்று வரிசையாக வந்தது. "தோ இருக்குது!" என்று மூன்றாவதை அமுக்கி, வெள்ளிக்கிழமை காலை என்று போட்டு அனுப்பினாள். அவள் மனசில் இருந்தது பழைய இங்கிலீஷ் பட்டன். அந்தத் தமிழ்ச் சொல் அவள் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. எனக்கும் ஏறவில்லை. டீ சொல்லிவிட்டு வந்தோம்.

டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அர்ச்சுனன் ஏற்றுக்கொண்டார் என்று இருந்தது. அதன் கீழே அவனே எழுதியிருந்தான்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே வர்றேன்."

சாமுண்டி எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தட்சணாண்ணா, இன்னைக்கே வர்றானாம்! பேசிடலாம்ணா, முடிஞ்சிடும்!" அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாற்காலிகளைத் துடைக்கப் போனாள்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சமாதானத்துக்கு யாராவது இவ்வளவு அவசரப்படுவார்களா?

"ஏம்மா, நீ என்னதான் அனுப்பினே? அத வாசி."

அனுப்பியதைத் திறந்து வாசித்தாள். "ராஜவேல் அனுப்பியது. பின்தொடர்: அர்ச்சுனன். வெள்ளி, காலை."

சங்கத்துக் கணக்கைத் திறந்தாலும் போன் அவனுடையது. அனுப்பியவர் என்று அவன் பெயரைத்தான் போட்டிருந்தது. பழைய வெர்ஷன் கூட்டம் நடக்கும் இடத்தையும் தூக்கிக்கொண்டு வரும், புதியது அதை விட்டுவிட்டது. தம்பி கையை வெட்டியவன் பெயரில், அண்ணனைப் பின்தொடர் என்று ஒரு தகவல். ஆட்களை ஏவுகிற ஓலையை அவன் கைதவறி நமக்கே அனுப்பிவிட்டான் என்று குப்பத்தில் நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்?

அவள் இரண்டாவது தடவை வாசிக்கவில்லை. தம்பிக்குப் போன் போட எடுத்தாள். அவன் போன் அவள் கையிலேயே இருந்தது.

என் வண்டியில் போனோம். "சீக்கிரம் போணா, சீக்கிரம் போணா" என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். உப்பளத்துக்குள் திரும்பும்போதே கத்தல் கேட்டது. வாருகிற ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டு வரப்புமேல் ஓடிவந்தார்கள். போலீஸ் வேனுக்குத் தெரியாமல் வாய்க்கால் வழியாகப் படகில் வந்திருக்கிறார்கள், அர்ச்சுனனும் இன்னும் மூன்று பேரும்.

ராஜவேல் உப்பு வாருகிற பலகையைச் சுழற்றிக்கொண்டு நின்றான். வந்தவர்களில் ஒருவன் மூக்கு உடைந்து மண்டியிட்டிருந்தான். எங்கள் கண்முன்னால் முதல் வெட்டு ராஜவேல் தோளில் விழுந்தது. பலகை நழுவியது. அடுத்தது கழுத்துக்குக் கீழே. அவன் பாத்திக்குள் மல்லாந்து விழுந்தான். அப்போது போட்ட அலறல் வெட்டினதற்கு இல்லை, உப்புத்தண்ணீர் வெட்டில் இறங்கினதற்கு.

சாமுண்டி வரப்பிலிருந்து குதித்தாள். விழுந்துகிடந்த பலகையை எடுத்து அர்ச்சுனன் மண்டையில் போட்டாள். அவன் சரிந்தான். விழுந்தவனைத் திரும்பத் திரும்ப அடித்தாள். நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் இடித்தாள், எனக்கு ஒரு பல் போனது. மற்றவர்கள் படகுக்கு ஓடிவிட்டார்கள்.

"அக்கா, எரியுதுக்கா" என்றான் ராஜவேல்.

பலகையைப் போட்டுவிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கழுவிவிடத் தண்ணீருக்குக் கையை நீட்டி, நீட்டின கையை அப்படியே நிறுத்தினாள். கண்ணுக்கு எட்டினவரை தண்ணீர்தான், ஒரு கை அள்ளி ஊற்ற முடியாது. எச்சிலைத் தொட்டுத் தொட்டு அவன் கழுத்தைத் துடைத்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எரிச்சல் அடங்கிவிட்டது.

அர்ச்சுனன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் இருந்தான். ராஜவேலைப் பெருமுக்கல்லில் புதைத்துவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை சாமுண்டி சங்கத்துக்கு வந்தாள். தம்பி போனைப் போலீஸ் கேட்கிறவரைக்கும் தருவதில்லை என்று ரவிக்கைக்குள் செருகியிருந்தாள். இன்று கூட்டம் என்று அது நினைவூட்டியிருக்கிறது, இவள் எழுந்து வந்துவிட்டாள். ஹாலைத் திறந்தோம். உள்ளே உடையாமல் மிஞ்சின நாற்காலிகள் கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. அசோகன், தனியாக நின்றான்.

நான் தடுப்பதற்குள் அவள் நாற்காலியை வீசிவிட்டாள். தோளில் பட்டது. அவன் ஒதுங்கவுமில்லை, இருக்கிற கையைத் தூக்கவுமில்லை. அடுத்த நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"எதுக்குடா வந்தே?"

"வெள்ளிக்கிழமைன்னு வந்துச்சே அக்கா. எனக்கும்தான் வந்துச்சு. நீதான் அனுப்பியிருப்பே, கூட்டமாத்தான் இருக்கும்னு அண்ணன்கிட்ட சொன்னேன். கேக்கல. நாலு பேரு கெளம்பிட்டாங்க. ஒரு கைய வெச்சிக்கினு நான் எத்தினி பேரப் புடிக்கிறது?"

அவள் நாற்காலியைத் தரையில் வைத்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எதிரில் அவனும் உட்கார்ந்தான். அவள் வாய்விட்டு அழுதாள், அவன் எழுந்து போகவில்லை.

"இன்னொன்னு போடுக்கா" என்றான் அசோகன் கடைசியில். "எங்க ஆளுங்க படகுல ஏறிக்கினு இருக்கானுங்க. உங்க ஆளுங்களும் சும்மா இல்ல. பேர மட்டும் மாத்திப் போடு."

அவள் போனை எடுத்தாள். மூன்று புள்ளிப் பக்கமே போகவில்லை. புதிதாக ஒன்றைத் திறந்து, தலைப்பில் "பேச்சு" என்று அடித்தாள். இடம் போட்டாள். அனுப்புகிறவர் பெயரைச் சங்கம் என்று மாற்றி, சரிதானா என்று என்னிடம் நீட்டிக் காட்டினாள். ஒவ்வொரு பெயராகச் சேர்த்துக்கொண்டு வந்தவள் பழக்கதோஷத்தில் ராஜவேல் பெயரையும் சேர்த்திருந்தாள். அதில் விரல் நின்றது.

"எடுத்துடட்டுமாம்மா?" என்றேன்.

"இருக்கட்டும்ணா."

அனுப்பினாள். அனுப்பின நொடியில் அவள் கையிலிருந்த போனே அதிர்ந்தது. பேச்சுக்கு வரும்படி ராஜவேலைச் சங்கம் அழைத்திருந்தது. ஏற்கிறீர்களா என்று கேட்டது. அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ஆம் என்று அமுக்கினாள்.